மனை வியாபாரத்தில் மௌனம் கூடுமா?

நிலம் வாங்குவதும் விற்பதும் ஹலாலான தொழில். அதில் இலாபம் தேடுவதும் ஹலாலே. வட்டியை விலக்கிய அல்லாஹுத்தஆலா வியாபாரத்தை நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். ஆகவே மனைத் தொழில் செய்யும் சகோதரர்களைக் கண்டு முகம் சுளிக்க மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் அத்தொழிலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பொய் ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய்யே சொல்லாமல், "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்று வாய் மூடியிருப்பது கூடுமா?

எங்கள் சங்கராபுரம் பகுதியில் இக்கேள்வி இன்று வெறும் பாடசாலைக் கேள்வியல்ல. 2019 நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது. மாவட்டத் தலைநகர் பக்கத்தில் வந்துவிட்டது என்பதே மனை விற்போருக்குப் பெரிய விளம்பரம். பயிர் நின்ற வயலில் எல்லைக்கல் நிற்பதைக் காண்கிறோம். அரபு நாட்டில் வியர்வை சிந்தும் பிள்ளை அனுப்பும் பணம், கடைசியில் நாலு சென்ட் மனையாகத்தான் ஆகிறது. அந்த மனை சரியில்லையென்றால், நஷ்டமாவது பல வருட உழைப்பு.

முதலில் விற்பவர் பக்கம் பார்ப்போம். ஐப்பசி மழையில் முழங்கால் நீர் நிற்கும் மனையைச் சித்திரை வெயிலில் காட்டுகிறார்கள். மண் உலர்ந்திருக்கிறது. பொய் எதுவும் பேசப்படவில்லை. மதீனாவின் கடைவீதியில் நடந்ததும் இதுதானே! தானியக் குவியலுக்குள் கை விட்ட நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழை பெய்ததென்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. மேலே உலர்ந்ததும் கீழே ஈரமும் இருந்தன, அவ்வளவே. மௌனமும் மோசடியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின்படி, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடியாகாது. ஆனால் நிலத்துக்கு அந்தச் சலுகை முழுமையாக இல்லை. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையை, அது நிலத்திலிருந்தாலும் உரிமையிலிருந்தாலும், விற்பவர் தாமே சொல்ல வேண்டும் என்கிறது. 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டமோ, விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்தவருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, மலிவு என்று வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் முடியாமல் தவித்ததை நாடறியும். அங்கீகாரம் இல்லை என்று விற்றவர் அன்றே சொல்லியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?

இனி வாங்குபவர் பக்கம். குறை மறைப்பது விற்பவர் மட்டுமே செய்யும் தவறு என்று நாம் எண்ணுகிறோம். நிலத்தில் முதலீடு செய்பவரின் சாமர்த்தியமெல்லாம், உடையவருக்குத் தெரியாததைத் தாம் முந்தி அறிவதில்தான் இருக்கிறது. புறவழிச்சாலை எந்தப் புல எண் வழியாக வருகிறது என்று அலுவலகத்தில் பழக்கமுள்ள ஒருவர் மூலம் தெரிந்துகொள்கிறார். மறுநாள் அந்த நிலத்தின் சொந்தக்காரரான ஏழை மூதாட்டியிடம் போய், "மேட்டு நிலம், தண்ணீர் வசதியில்லை" என்று உள்ளதையே சொல்லிக் குறைந்த விலைக்குக் கிரயம் பேசுகிறார். சாலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் ஒரு வரலாற்றைக் குறிப்பிடுகிறார்கள். பஸராவில் வாழ்ந்த தாபிஈ ஒருவருக்கு சூஸ் நகரிலிருந்த அவருடைய ஊழியர், கரும்பில் நோய் விழுந்துவிட்டது, சர்க்கரை வாங்கிப் போடுங்கள் என்று எழுதினார். அவரும் ஏராளமாக வாங்கினார்; முப்பதாயிரம் இலாபம் கிடைத்தது. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. ஒரு முஸ்லிமுக்கு நலம் நாடும் கடமையில் தவறிவிட்டோமே என்று வருந்தி, விடிந்ததும் சர்க்கரை விற்றவரிடம் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரோ விஷயத்தைக் கேட்டு மனமுவந்து திருப்பித் தந்துவிட்டார். வெட்கத்தால் விட்டுக்கொடுத்திருப்பாரோ என்று மறுநாளும் சென்று, அவர் பெற்றுக்கொள்ளும் வரை இவர் விடவில்லை.

"எல்லாவற்றையும் சொன்னால் தொழில் நடக்குமா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஊர் இந்தத் திசையில் வளரும், பத்து வருடத்தில் விலை ஏறும் என்று ஒருவர் கணிப்பது அவருடைய அறிவு. அதற்காக அவர் தம் பணத்தைப் பணயம் வைக்கிறார். கணிப்பு பொய்த்தால் நஷ்டமும் அவருக்கே. அந்தக் கணிப்பை அவர் யாருக்கும் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் நடந்து முடிந்துவிட்ட விஷயம், உடையவர் காதுக்கு எட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் நமக்கு இலாபமாகிறது என்றால், அது அறிவின் கூலியல்ல. அவருடைய அறியாமையின் விலை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்குபவரை, சந்தை விலை தெரியுமுன் அடிவாரத்தில் மறித்து வாங்குவதைப் போன்றது அது. இவ்வாறு மறித்து வாங்குவதை அண்ணலார் தடுத்திருக்கிறார்கள். சந்தைக்கு வந்து விலையறிந்த பின் பேரத்தை முறிக்கும் உரிமையையும் விற்றவருக்குத் தந்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும் 55-வது பிரிவில் வாங்குபவருக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. ஆனால் அது விற்பவரின் உரிமை சம்பந்தப்பட்டது மட்டுமே. வரப்போகும் சாலையைச் சொல்லும்படி அது கட்டாயப்படுத்தாது. சட்டம் நின்றுவிடும் அந்த இடத்தில்தான் ஈமான் நம்மோடு மேலும் நடக்க வேண்டும்.

தரகர்களுக்கும் ஒரு வார்த்தை. தரகுக் கூலி ஆகுமானது. அதா, ஹஸன் போன்ற முன்னோர்கள் அதில் குறை காணவில்லை. ஆனால் இருவரிடமும் கூலி வாங்குவதாயின் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மனை விற்பனை துவங்கும் நாளில், தம் ஆட்களையே முன்பணம் கட்டுபவர்கள் போல் நிறுத்தி மற்றவர்களை அவசரப்படுத்துவது, ஹதீஸில் தடுக்கப்பட்ட 'நஜ்ஷ்' என்பதன் புதிய உருவமே.

நிலத்தில் பேசும் சகோதரர்கள் இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளட்டும். விளம்பரத்தில் "பத்து நிமிடத் தொலைவு" என்று போடாமல் கிலோமீட்டரைப் போடுங்கள். அங்கீகார எண்ணையும், பதிவு தேவைப்படும் மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண்ணையும் அச்சிடுங்கள். மழைக்காலத்தில் நீர் நிற்குமானால் நீங்களே சொல்லிவிடுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைக் கேட்குமுன் எடுத்து வையுங்கள். புறம்போக்கு, பஞ்சமி, வக்ஃபு நிலங்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வாங்குபவரால் கிரயத்தை முடிக்க முடியாமல் போனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதை விற்பவர் எடுத்துக்கொள்வதை ஹன்பலிகள் அனுமதித்தாலும் பெரும்பாலான இமாம்கள் அனுமதிக்கவில்லை.

பேரம் முடியும் நேரத்தில் ஒரேயொரு கேள்வியை உள்ளத்திடம் கேளுங்கள்: "எனக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்கும் தெரிந்தால், இந்த விலைக்கு இவர் சம்மதிப்பாரா?" மாட்டார் என்று உள்ளம் சொன்னால், பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். இருவரும் உண்மை பேசி உள்ளதை விளக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த வாக்கு.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.