வீட்டுக்கு ஓர் ஆள்

வந்தியின் கதையை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியனின் ஆணை. பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு ஆள் இல்லை. சிவனே கூலியாளாக வந்து, பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்டான். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் இன்றும் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். அந்த வெள்ளத்துக்குக் காரணமானவராகச் சொல்லப்படும் மாணிக்கவாசகரின் ஊர், மேலூர் வட்டத்திலுள்ள திருவாதவூர்.

இறைவனின் எளிமைக்காக இந்தக் கதை சொல்லப்படுகிறது. என்னை உறுத்துவது அதிலுள்ள ஒரே ஒரு சொல்: ஆள். வந்தி மாவு இடித்தாள், அடுப்பு மூட்டினாள், அவித்தாள், கூவி விற்றாள், தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டாள். ஆனால் அரசாணையின் கணக்கில் அவள் வீட்டில் ஆள் இல்லை. முதுமையால் மண் சுமக்க முடியவில்லை என்பது வேறு. ஆள் என்ற சொல்லுக்குள்ளேயே அவள் வராமல் போனது வேறு. முதலாவது உடலைப் பற்றியது. இரண்டாவது கணக்கெடுத்தவனைப் பற்றியது.

இந்த வேறுபாட்டை நான் யோசிக்கத் தொடங்கியது புராணத்தால் அல்ல, லேப்டாப்பால்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களின் கைகளுக்குப் போயின. திருவாதவூர் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அது. பல பெண்பிள்ளைகளுக்கு, நகையும் அல்லாத, சீரும் அல்லாத, தன் பெயரில் கையெழுத்திட்டு வாங்கிய முதல் பெரிய பொருளும் அதுதான். கல்யாணம் ஆகிப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நான்கைந்து வருடத்தில் அவை மெதுவாகின. அப்போது எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம்தான்: “யாராவது ஆள் இருந்தா காட்டணும்.” அண்ணன், அண்ணனின் நண்பன், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர். பொருள் அவளுடையது. அதன் உட்புறம் வேறொருவருடையது.

என்னிடம் 2012-ல் வாங்கிய ஒரு லேப்டாப் இருந்தது. உள்ளே பென்டியம் பி960 என்ற பிராசசர்: இரண்டு கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். அதே சாக்கெட்டில், அதே 35 வாட்டில் உட்காரக்கூடியது கோர் ஐ5 2520எம். அது 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும், தேவைப்பட்டால் 3.2 வரை ஏறும். இரண்டும் சாண்டி பிரிட்ஜ் என்ற ஒரே தலைமுறை. தலைமுறையும் சாக்கெட்டும் பொருந்த வேண்டும். இயந்திரத்தின் பயாஸ் அந்தப் பிராசசரை அடையாளம் காண வேண்டும். வாட் கூடக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் செப்புக் குழாயும் காற்றாடியும் அந்த அளவு வெப்பத்தை வெளியேற்றவே செய்யப்பட்டவை. பழைய பிராசசர் ஆயிரம் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

துறையில் என் மேசையில் வைத்துத்தான் திறந்தேன். திருவாதவூரிலிருந்து வந்து படிக்கும் முதுகலை மாணவி ஒருத்தி கூட இருந்தாள். “மேம், இத நம்மளே கழட்டலாமா?” என்று கேட்டாள். கழற்றினோம். மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்ச மின்சாரத்தைப் போக்கினோம். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் போக இரும்பு அலமாரியைத் தொட்டுக்கொண்டோம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் அருகில் எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்றை முழுதாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அடியில் இருந்த வெப்பப் பசை காய்ந்த சந்தனம்போல் பொருக்காகியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு. அரைச் சுற்று திருப்பினால் பிடி விடும். பிராசசர் நேராக மேலே வந்துவிடும். அதன் அடியில் ஏறத்தாழ ஆயிரம் ஊசிகள். புதியதின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வைத்தால் தானே அமரும். அழுத்தக் கூடாது என்பதுதான் முதல் விதியும் கடைசி விதியும். பிறகு அரை சுற்று திருப்பி, ஓர் அரிசி அளவு புதுப் பசை வைத்து, ஹீட்சிங்கை மூடி, காற்றாடியின் வயரைச் செருகினோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், அடுத்து ரேம். பிராசசர் மூன்றாவதுதான். ஆனால் மனத்துக்குள் கிடக்கும் அச்சத்தின் வரிசை இதற்கு நேர்மாறு. பிராசசரைத் தொட்டுவிட்டவளுக்கு அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் தொடக்கூடாத இடம் எதுவும் இல்லை.

மூடியைப் பூட்டும்போது அந்த மாணவி சொன்னாள்: “எங்கம்மா தையல் மெஷின ஞாயித்துக்கிழமையானா இப்படித்தான் மேம் முழுசா கழட்டி எண்ணெய் விடும்.”

அந்த வாக்கியத்தில் இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் இருக்கிறது. தையல் இயந்திரத்தைக் கழற்றி மாட்டும் பெண்ணை யாரும் மெக்கானிக் என்று அழைப்பதில்லை. குக்கரின் காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் மாற்றுவது அழுத்தத்தோடும் நீராவியோடும் விளையாடும் வேலை. அது சமையலின் பகுதியாக எண்ணப்படுகிறது. தெருத்தெருவாக வந்து அம்மி கொத்திக் கொடுக்கும் பெண்கள் உளி பிடித்தவர்கள்தான். அவர்களைச் சிற்பி என்று யாரும் சொன்னதில்லை. எந்த வேலையைப் பெண் செய்கிறாளோ அது திறமை என்ற பெயரை இழந்து பழக்கம் என்ற பெயரைப் பெறுகிறது. ஆகவே பெண்ணுக்கு இயந்திரம் வராது என்பது ஒரு தகவலே அல்ல. அது எதை இயந்திரம் என்று எண்ணுவது என்பதைப் பற்றிய ஒரு தீர்ப்பு.

இன்னும் உள்ளே போனால் முரண் கூடுகிறது. மின்னணுப் பொருள்களைப் பூட்டுபவர்கள் யார்? 1965 முதல் 1975 வரை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஷிப்ராக் என்ற ஊரில் ஃபேர்சைல்டு நிறுவனம் சிப் தொழிற்சாலை நடத்தியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மை நவஹோ பழங்குடிப் பெண்கள். அவர்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தையும் சிப்பின் கோலத்தையும் ஒப்பிட்டு நிறுவனம் 1969-ல் ஒரு விளம்பரக் கையேடே வெளியிட்டது. பெண்ணின் கைக்கு நுணுக்கம் இயற்கையாகவே வரும் என்பது அதன் பொருள். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசிகளைப் பூட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றதை எதிர்த்து, 2021 டிசம்பரில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைக்குள் சிறிய ஸ்க்ரூவைப் பூட்ட மிகப் பொருத்தமானது என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதே கை, வீட்டுக்கு வந்தால் அந்த ஸ்க்ரூவைத் திறக்கத் தகுதியற்றதாகிவிடுகிறது. பூட்டுவது கூலிவேலை, திறப்பது அறிவு என்ற பிரிவினை எங்கோ நம்மைக் கேட்காமல் செய்யப்பட்டிருக்கிறது.

திருவாதவூர்க் குன்றின் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் வரும் சொல் ‘கொட்டுபிதோன்’. வெட்டச் செய்தவன் என்று பொருள். இலக்கணம் படித்தவர்களுக்கு இது பிறவினை. செய்வித்தவன் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. செய்தவர் பெயர் இல்லை. விலையில்லா லேப்டாப்பின் மூடியிலும் கொடுத்தவரின் படம் இருந்தது. உள்ளே பூட்டியவளின் பெயரும், வாங்கியவளின் பெயரும் அதில் இல்லை. பெண்களின் வாழ்க்கையில் தன்வினையைப் பிறவினையாக மாற்றிக்கொண்டே இருக்கும் ஓர் இலக்கணம் இயங்குகிறது. “நான் சரிசெய்தேன்” என்பதற்கு இடம் தராமல், “நான் சரிசெய்யக் கொடுத்தேன்” என்றே நம்மைச் சொல்லவைக்கிறது.

கொடுப்பதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதிவுகளை ரகசியமாகச் சேமிக்கும்படி அமைத்த லேப்டாப்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் கொடுத்துப் பார்த்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு கடைகளில் வாடிக்கையாளரின் அந்தரங்கக் கோப்புகளைத் திறந்திருந்தார்கள். அவற்றில் இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்ணுடையது என்று தோன்றிய லேப்டாப்களே அதிகம் துழாவப்பட்டன. நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவையில்லை. கடையில் கொடுக்கும் முன் புகைப்படங்களையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுக்கும் பழக்கம் எந்தப் பெண்ணுக்கும் யாரும் கற்றுக்கொடுத்து வந்ததல்ல. அண்ணனிடம் கொடுத்தாலும் அதே அச்சம்தான்: அவன் எதைப் பார்ப்பான், யாரிடம் சொல்வான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லாததற்குக் கொடுக்கும் விலை, தன் எழுத்தைத் தானே அழிப்பது.

இவ்வளவு சொன்னபின் எனக்கெதிராக ஒரு கேள்வியை நானே எழுப்ப வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பஸ் பிடித்து, வேலை பார்த்துத் திரும்பும் பெண்ணிடம், இனி உன் லேப்டாப்பையும் நீயே பழுது பார் என்பது விடுதலையா, இன்னொரு வேலையா? தன்கையே தனக்குதவி என்ற அறிவுரை பெண்ணிடம் வரும்போது பெரும்பாலும் மற்றவர்கள் கைகழுவிக்கொள்வதற்கே பயன்பட்டிருக்கிறது. இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. அதனால்தான் சுதந்திரம் என்பதை எல்லாவற்றையும் நானே செய்வது என்று நான் புரிந்துகொள்ளவில்லை. செய்யத் தெரிந்த பிறகு, நேரமில்லாமல் கடையில் கொடுப்பது ஒரு தேர்வு. தெரியாமல், தெரிந்துகொள்ள விடாமல் கொடுக்கவைப்பது சார்பு. கடையில் போய் நிற்கும் காட்சி இரண்டிலும் ஒன்றுதான். முதலாமவள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பாள், கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்பாள், சொன்ன விலையை மறுப்பாள். இரண்டாமவள் காத்திருப்பாள்.

இங்கே இன்னொரு கதவு மூடப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். நான் செய்ததை இன்றைய லேப்டாப்பில் செய்ய முடியாது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை லேப்டாப் பிராசசர்களில் சாக்கெட்டில் செருகும் வகை இருந்தது. 2015 வாக்கில் பரவிய ஐந்தாம் தலைமுறையிலிருந்து அவை மதர்போர்டிலேயே ஈயப்பற்றாக ஒட்டப்பட்டு வருகின்றன. மெல்லியதாக வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். பல மாடல்களில் ரேமும் ஒட்டப்பட்டுவிட்டது. 2021-ல் வந்த ஃபிரேம்ஒர்க் லேப்டாப்பில்கூட பிராசசர் போர்டோடு ஒட்டியதுதான். ஆனால் அந்தப் போர்டை வாங்கியவரே முழுதாக மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாகவும் இருக்கலாம், திறக்கக்கூடியதாகவும் இருக்கலாம் என்பதற்கு அது சான்று. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது; அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலைத் திறந்தது. பொருளை வாங்கியவருக்கு அதன் உள்ளே போகும் உரிமை உண்டா என்பது இன்று சட்டத்தின் கேள்வி. பெண்களுக்கு அது பழைய கேள்வி. வீடு அவள் பெயரில், சாவி வேறொருவரிடம் என்பதை நாம் பல தலைமுறையாகப் பார்த்துவருகிறோம். இப்போது அந்த நிலைமை எல்லாருக்கும் வந்திருக்கிறது என்பதால் அதற்கு உரிமை என்ற பெயர் கிடைத்திருக்கிறது.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிகள் தரப்போவதாக அறிவித்தது. நம் வகுப்பறைகளில் இருக்கும் பெண்களும் அவற்றை வாங்குபவர்கள். அவர்களுக்காக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொடுக்கும் இயந்திரத்தில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றையாவது மாற்ற முடிய வேண்டும். ஒவ்வொரு துறையிலும், தமிழ்த் துறையிலும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்க வேண்டும். முதல் பருவத்தில் ஒரு மதியம், ஒவ்வொரு மாணவியும் பழைய லேப்டாப் ஒன்றின் அடிமூடியைத் தன் கையால் திறந்து, உள்ளே இருப்பவற்றின் பெயர்களைச் சொல்லி, திரும்ப மூட வேண்டும். ஒன்றும் மாற்ற வேண்டாம். திறந்து மூடினால் போதும். அதற்குப் பிறகு “யாராவது ஆள் இருந்தா காட்டணும்” என்று வீட்டில் யாராவது சொன்னால், அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.