ஆமை வராத இரவுகள்

நள்ளிரவை ஒட்டி நீலாங்கரை மணலில் கால் வைப்பவர்கள் பெசன்ட் நகர் போய்ச் சேர விடியற்காலை ஆகிவிடும். தூரம் என்னவோ ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை. வலக்கைப் பக்கம் கடல் கூடவே வரும். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பழக்கமில்லாதது வேகம்தான். கைபேசியில் எத்தனை அடி ஆயிற்று என்று பார்த்துப் பழகிய கண், இங்கே மணலைப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988 முதல் இந்தக் கரையில் இரவுதோறும் நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள்.

ஆமையே கண்ணில் படுவது அபூர்வம். பெரும்பாலும் தடம்தான் கிடைக்கும். அலை ஓரத்திலிருந்து மேலேறிய தடம் ஒன்று, திரும்பி இறங்கிய தடம் ஒன்று, இருபுறமும் துடுப்புக் கால்கள் மணலை வாரித் தள்ளிய கோடுகள். இரண்டு தடமும் கூடுமிடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே ஒரு குச்சியை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். சுற்றிலும் இறுகித் தடுக்கும் மணல், கூட்டின் மேல் மட்டும் பொசுக்கென்று இடம் கொடுக்கும். அப்புறம் கைதான். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற பானைபோல ஒரு குழி. உள்ளே நூறு முட்டைக்கும் மேல், ஓடு தோலைப் போல மெத்தென்று. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் இட்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டால் நாய்கள் விடாது. தப்பிப் பொரிந்த குஞ்சும், வெளிச்சம் தெரிகிற திசைதான் கடல் என்று நம்பித் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து சாகும்.

ஆனால் பல இரவுகளில் ஒன்றுமே கிடைப்பதில்லை. முதல் முறை வந்தவர் முகம் வாடிப்போகும். தூக்கம் கெட்டது, கால் வலித்தது, மிச்சம் என்ன? போட்டதற்குப் பலன் கைக்கு வர வேண்டும் என்பது வேலையிலும் படிப்பிலும் சரிதான். எல்லாவற்றுக்கும் அதையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டால், உலகத்தில் செய்ய வேண்டிய பல காரியங்களைச் செய்ய ஆளே இருக்காது.

சதீஷ் பாஸ்கரைச் சொல்லலாம். சென்னை ஐஐடியில் படித்தவர். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையில் சேர்ந்து, பிறகு ஆமைத் தடம் தேடி இந்தியக் கரைகளில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியே தங்கினார். பச்சை ஆமைகள் அங்கே முட்டையிடுவது மழைக்காலத்தில்தான். தபால் கிடையாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் அனுப்பிவைக்க, அது வீடு வந்து சேர்ந்தது. சேருமா என்று கணக்குப் போட்டிருந்தால் அவர் எழுதியே இருக்க மாட்டார்.

தாம்பரத்துக்காரருக்குக் கடலோரம் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்கிறது. நம் தெருவில் எறிந்த பிளாஸ்டிக்கும் கூடவே போகிறது.

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் நீருக்குள்ளேயே திணறிச் சாகும். முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகளுக்குத் தடை இருக்கிறது. காகிதத்தில் இருப்பது கடலிலும் நடக்க வேண்டுமென்றால் யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கக் கையில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் கூடு கிடைத்த இரவுகளை மட்டும் எழுதினால் போதாது. ஆமை வராததால் கூடு குறைந்ததா, நடக்க ஆள் போகாததால் குறைந்ததா என்று அதிகாரி கேட்டால், வெறுங்கையோடு பெசன்ட் நகர் வந்து சேர்ந்த ஒவ்வொரு நடையும் அங்கே சாட்சி சொல்லும்.