திரையரங்கின் வாயிலும் கலைஞனின் உரிமையும்

ஒரு கலைப்படைப்பு எப்போது முழுமை பெறுகின்றது என்னும் வினா அழகியலாருக்குப் பழகிப்போன ஒன்று. திரைப்படத்தைப் பொறுத்தவரை அது அறவியல் வினாவாகவும் மாறிவிடுகின்றது. புறநானூற்றுப் பாடல்கள் ஏட்டுச் சுவடிகளிலே நூற்றாண்டுக் கணக்காகக் கிடந்து, 1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வாயிலாக மீண்டும் வாசகரைச் சென்றடைந்தன. கவிதைக்கு அத்தகைய பொறுமை இயலும். படச்சுருளுக்கு அது அரிது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. தன் காலத்தில் காட்டப்படாத படம் பின்னர் காட்டப்படும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

இன்னுமொன்று. நாவலாசிரியன் கடன்பட்டாவது நூலை அச்சிட்டு, வீடு வீடாகச் சென்று விற்கலாம். (ஈழத்து எழுத்தாளர் பலர் செய்து வந்தது அதுவே.) பெருநிறுவனப் பின்பலமின்றிச் சுயாதீனமாகப் படமெடுப்பவனோ, எடுத்து முடித்த பின்பும் மற்றொருவனுடைய கட்டடத்துக்கும் கதிரைகளுக்கும் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியவனாகின்றான். கட்டடத்துக்குரியவன் கதவைத் திறக்க மறுப்பின், அது அநீதியா? அன்றி, வெறும் வணிகத் தீர்மானமா?

கதவை அடைப்பது அரசாயின் விடை எளிது. பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய ‘புரஹந்த களுவர’ என்னும் சிங்களப் படம் இதற்குத் தக்க சான்றாகும். போரில் இறந்துவிட்டதாகக் கூறப்பட்டு, முத்திரையிட்ட பெட்டியில் அனுப்பப்பட்ட மகனின் மரணத்தை நம்ப மறுக்கும் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. நட்டஈட்டுப் பத்திரத்திற் கையொப்பமிடவும் அவர் மறுக்கின்றார். 2000ஆம் ஆண்டு, போர்ச்சூழலைக் காரணங்காட்டி, அப்படத்தைத் திரையிடாது ஒத்திவைக்குமாறு அமைச்சர் பணித்தார். நெறியாளர் உயர் நீதிமன்றத்தை நாடினார். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை வழங்கும் பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. நட்டஈடு வழங்கியதோடு படத்தைத் திரையிடவும் பணித்தது. படமும் அவ்வாண்டிலேயே திரைக்கு வந்தது. அமைச்சரின் மறுப்புக்கு ஒரு கையொப்பம் இருந்தது; ஆதலின் அதனை நீதிமன்றிலே கேள்விக்குட்படுத்த முடிந்தது.

படமாளிகை உரிமையாளரின் மறுப்புக்குக் கையொப்பம் இல்லை. ‘இப்போது இடமில்லை’, ‘விழாக் காலம் கழியட்டும்’, ‘இப்படிப்பட்ட படத்துக்குச் சனம் வராது’ என்பன போன்ற சொற்களே அவரிடமிருந்து வரும். அவற்றுக்கெதிராக எந்த மன்றில் வழக்குரைப்பது? அவரைத் தணிக்கையாளர் என வசைபாடுவதும் பொருந்தாது. மின்கட்டணமும் ஊழியர் வேதனமும் அவருக்கு மாதந்தவறாது வருவன. பிறருடைய கலைக்காகத் தன் முதலை இழக்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆயின், ‘மக்கள் விரும்பவில்லை’ என்னும் கூற்றை அவ்வளவு இலகுவில் ஏற்றுக்கொள்ளலாகாது. பகற்காட்சி ஒன்று, அதுவும் ஒரு வாரத்துக்கு மட்டும் எனக் கொடுத்துவிட்டு மக்களின் தீர்ப்பு இதுவென அறிவிப்பது, சாட்சி வந்துசேருமுன் வழக்கை முடிப்பது போன்றது. 1955இல் கல்கத்தாவிலே சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியானபோது தொடக்கத்திற் கூட்டம் குறைவாகவே இருந்தது. பார்த்தோர் வாய்மொழியாற் கூட்டம் பெருகியது. எனினும் அந்தப் படமாளிகை எஸ். எஸ். வாசனின் ‘இன்சானியத்’ படத்துக்கென ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தமையால், ராயின் படம் இடம்பெயர நேர்ந்தது. வேறொரு படமாளிகை கிடைத்தமையால் அது பிழைத்தது. முதல் வாரத்தோடு அகற்றப்பட்டு, மக்கள் விரும்பாதவை என்னும் பட்டியலிலே சேர்ந்துவிட்ட படங்கள் எத்தனை என்பதைக் கணிக்க வழியில்லை.

அரசே காவலனாக நிற்பின் தீருமா? சில தனியார் நிறுவனங்களின் கையிலிருந்த விநியோகத்தை 1972இல் அமைந்த திரைப்படக் கூட்டுத்தாபனம் படிப்படியாகத் தன்வசப்படுத்தியபோது உள்நாட்டுப் படங்களுக்கு இடம் கிடைத்தது உண்மையே. அதனுடன் வரிசையும் வந்தது. முடிவடைந்த படங்கள் தம் முறைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடந்தன. சந்தையின் அலட்சியம் அலுவலகத்தின் தாமதமாக உருமாறியது எனலாம்.

இவ்விடத்திலே ‘பொன்மணி’யின் கதை சங்கடமானதொரு பக்கத்தைத் திறக்கின்றது. காவலூர் இராசதுரையின் கதைக்குத் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்கள நெறியாளர் யாழ்ப்பாணத்தையே களமாக்கி உருவாக்கிய இத்தமிழ்ப்படம், சாதியையும் சீதனத்தையும் அந்த மண்ணின் முகத்துக்கு நேரே வைத்துப் பேசியது. 1977இல் திரைக்கும் வந்தது. கதவு அடைக்கப்படவில்லை, ஆட்களே வரவில்லை. படம் விரைவிலேயே திரையை விட்டகன்றது. தமிழகப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய கண்கள் தம் ஒழுங்கையையும் வேலியையும் திரையிற் காண விரும்பவில்லை போலும். இரசனை பழக்கத்தால் விளைவது என்பது மெய்யே; ஆயினும் பழக்கத்தைக் காரணங்காட்டிப் பார்வையாளனை முற்றாக விடுவித்தல் தகாது. ஒரு படத்தை விரும்புமாறு எவரையும் கடமைப்படுத்த முடியாது. பாராமலே ஒதுக்குவது வேறு. தன்னைப்பற்றிக் கூறப்படுவதை ஒருமுறையேனும் கேட்டுவிட்டு மறுப்பது, கூறுபவனுக்குச் செய்யும் குறைந்தபட்ச நீதியாகும். ஈழத்துக்கெனத் தமிழ்ச் சினிமா இல்லையே என்று மேடைகளில் வருந்தியோருள் எத்தனைபேர் அன்று நுழைவுச்சீட்டு வாங்கினர் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

படமாளிகையையே துறந்து நடந்தவர்களும் உளர். கேரளத்தில் ஜோன் ஏபிரகாமும் ஒடேசா என்னும் கூட்டமைப்பினரும் ஊர் ஊராகச் சென்று பொதுமக்களிடம் பணந்திரட்டி ‘அம்மா அறியான்’ என்னும் படத்தை 1986இல் உருவாக்கினர். அதே மக்கள் முன்னிலையிலே கொண்டுசென்று காட்டினர். உரிமையாளரிடம் இரந்து நிற்க வேண்டிய நிலை அங்கில்லை. பார்வையாளனே முதலீட்டாளனும் ஆனான். ஆயினும் அத்திரை, கூடிய கூட்டம் கலைந்ததும் சுருட்டப்பட்டு அடுத்த ஊருக்குச் சென்றுவிடும். மழைக்கு ஒதுங்கியோ, பஸ்ஸைத் தவறவிட்டோ, என்ன படம் என்று அறியாமலே சீட்டு வாங்கிக்கொண்டு இருளினுள் வந்து அமரும் அந்நியன் ஒருவன் உண்டு. வன்னிஹாமி தன் மகனின் புதைகுழியைத் தோண்டும் காட்சியை, அதனைக் காண ஒருபோதும் எண்ணியிராத அவனுக்குக் காட்ட, நிலையாக ஓரிடத்தில் நிற்கும் படமாளிகை வேண்டியிருக்கின்றது.