கடன் யாருடையது, வேலை யாருடையது?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். நமது கழிமுகத்தில் அலையாத்தி மரம் வளர்ப்பதற்கு நம்மவரும், மேலத் தெரு இந்து சகோதரரும், பள்ளிவாசல் தெரு முகமதிய சகோதரரும், பஞ்சாயத்தாரும், வனத்துறையாரும் சேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டுமென்று அன்று பூசையில் அறிவித்திருந்தேன். அதைக் குறித்துத்தான் அவர் கேட்டார்: "சாமி, கரியை எரிச்சுக் காத்தைக் கெடுத்தவன் எங்கேயோ சீமையிலே இருக்கான். காரும் ஏரோப்பிளேனும் அவனுக்கு. கடல் ஏறி வந்தா முங்குறது எங்க குடிசை. இப்போ சேத்துலே இறங்கி மரம் நடவும் நாங்கதானா? இது என்ன நியாயம்?"

எனக்கு உடனே விடை வரவில்லை. குருமடத்தில் நீதி சாஸ்திரம் படித்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கு உண்டு. ஆகவே ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். பெரியவர் இதை வாசிப்பார், அல்லது பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார் என்று நம்புகிறேன்.

முதலாவது, அவர் சொன்னது உண்மையா? உண்மைதான். யந்திரத் தொழில் பிறந்த நாள் முதல், கரியும் எண்ணெயும் எரித்ததால் ஆகாயத்தில் ஏறிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினுடையது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நாலுக்குள்தான். இன்றைக்கும் தலைக்குக் கணக்குப் பார்த்தால், அமெரிக்கர் ஒருவர் வெளிவிடும் அளவு நம்மில் ஒருவருடையதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. (அதற்காக நம் தேசம் குற்றமற்றது என்று எண்ணவேண்டாம். வருஷாவருஷம் வெளியேறும் மொத்த அளவில் இந்தியா இன்று உலகில் மூன்றாவது. நம் நாட்டுக்குள்ளேயே குளிர்சாதன அறையில் தூங்குகிறவர் கணக்கும், கட்டுமரக்காரர் கணக்கும் ஒன்றல்ல.)

இந்த வேற்றுமையை உலக நாடுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1992-ல் ரியோ டி ஜனீரோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில், பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்று எழுதப்பட்டது. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ல் விடுத்த "லவுதாத்தோ சீ" என்னும் நிருபத்தில், செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருக்கும் சூழல் கடன் ஒன்று உண்டென்று வெளிப்படையாகவே கூறினார். கடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் அதைத் தருமம் என்று சொல்லவில்லை.

நீதி சாஸ்திரத்தில் இதற்கு ஈடு செய்தல் என்று பெயர். பிறன் பொருளை எடுத்தவன் திருப்பித் தரவேண்டும்; கெடுத்தவன் நட்டத்தைத் தீர்க்கவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் அழுதால் மட்டும் போதாது. இதை எடுத்துரைக்கும் அர்ச். அக்குவீனாஸ் தோமாஸ், கெடுத்தவனோடு நிறுத்தவில்லை. ஏவியவன், ஆலோசனை சொன்னவன், இடங்கொடுத்தவன் என்று வரிசையாகச் சொல்லி, தடுக்கவேண்டிய பொறுப்பில் இருந்தும் வாய்மூடி நின்றவனையும் சேர்க்கிறார். அந்த வாய்மூடி நின்றவனைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் பாருங்கள், கடன்பட்டவர் பெரிய மனிதராயிருந்தால், கணக்கு எப்படியோ எளியவன் தலையில் வந்து விழுகிறது. 2015 டிசம்பரில் பாரீஸ் நகரில் ஒப்பந்தம் செய்தபோது, பருவநிலைக் கேட்டினால் வரும் இழப்பைக் குறித்து ஒரு ஷரத்து எழுதினார்கள். கூடவே, இதனால் எவருக்கும் சட்டப்பொறுப்போ நட்டஈட்டுக் கடமையோ ஏற்படாது என்று ஒரு தீர்மானமும் செய்துகொண்டார்கள். 2022-ல் எகிப்து தேசத்து ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் இழப்புக்கென ஒரு நிதி வைக்கச் சம்மதித்தார்கள், நல்லதே. ஆயினும் அதற்குக் கொடுப்பது அவரவர் மனம்போல. நீதியாய்த் தரவேண்டியதைத் தருமமாய்த் தந்து தீர்த்துவிடக் கூடாதென்று 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1937-லேயே எச்சரித்தார். அவர் தொழிலாளர் கூலியைப் பற்றிச் சொன்னார். இங்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி நம் தேசத்திலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் காடு இருக்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. இந்தக் காடு பல ஆண்டுகளாக அழிந்துகொண்டு வந்தது. யார் காரணம் என்று கேட்டால் விடை தயாராக இருந்தது: விறகு வெட்டும் கிராமத்தார், மாடு மேய்ப்பவர், காட்டுக்குள் மீன் பிடிப்பவர். காவலும் அபராதமும் அவர்களுக்கே.

1990-களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது வேறொரு கதை வெளிப்பட்டது. வெள்ளையர் ஆட்சிக் காலந்தொட்டு, வருமானத்துக்காகக் காட்டைப் பாத்தி பாத்தியாக முற்றிலும் வெட்டி விற்கும் முறை இருந்தது. வெட்டியது அரசாங்கத்தின் உத்தரவின்படியே. மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்தது. காய்ந்த மண் உள்வாங்கி, நிலம் தாம்பாளம்போல் நடுவில் பள்ளமாயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடியும்போது திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாய் இறுகிற்று. அந்த உப்பில் கண்டல் விதை எப்படி முளைக்கும்? விறகு வெட்டும் பெண்ணைத் துரத்தினால் மட்டும் அந்தப் பள்ளம் நிரம்புமா?

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. மீன் முள்ளைப்போல் நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஏற்றத்தில் நீர் வந்து, வற்றத்தில் வெளியேறிற்று, உப்புக் குறைந்தது, நட்டவை பிழைத்தன. வெட்டினவர்கள் யாரென்றால், அதுவரை குற்றவாளிகள் எனப்பட்ட அதே கிராமத்தார். ஆண்களும் பெண்களுமாக ஊர்மன்றம் அமைத்து, வனத்துறையாரோடும் ஆராய்ச்சியாளரோடும் சமமாக உட்கார்ந்து, எங்கே வெட்டுவது, யார் காப்பது, எங்கே மாடு மேயலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அங்கே தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கோ மரத்தைவிட முந்திய குறை, ஜாதிச் சான்றிதழும் பிள்ளைகளுக்குப் படிப்பும். அந்தக் குறையும் பேச்சில் சேர்ந்தது. அதனால்தான் கூட்டு நிலைத்தது என்று நினைக்கிறேன். உன் குறை எனக்கு வேண்டாம், உன் கை மட்டும் வேண்டும் என்று சொல்லுகிறவனிடம் கூலிக்குப் போகலாம், கூட்டுச் சேர முடியாது.

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, கடலை நேராகப் பார்த்திருந்த ஊர்கள் அழிய, அந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த சிற்றூர்கள் பெரிதும் தப்பின. (காடு மட்டுமல்ல, கடலிலிருந்து தூரமும் மேடும் காரணம் என்று சொல்லுகிற ஆராய்ச்சியாளரும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.) புயலின் வேகத்தைத் தணிப்பதோடு, இந்த மரங்கள் கரியைத் தம் வேர்ச் சேற்றில் நெடுங்காலம் புதைத்து வைக்கின்றன. அதனால்தான் உலகமே இன்று இவற்றைத் தேடுகிறது. நம் மத்திய சர்க்காரும் 2023 பட்ஜெட்டில் "மிஷ்டி" என்ற பெயரால் இதற்கு ஒரு திட்டம் அறிவித்தது. ஆனால் ஊராரைக் கேளாமல், நீர் ஓட்டம் பாராமல், ஒரே நாளில் ஆயிரம் நாற்று நட்டுப் படம் பிடித்துப்போன இடங்களில் நாற்றும் இல்லை, நட்டவரும் இல்லை.

இப்போது அந்த வாய்மூடியைப் பற்றி. மூன்று வருஷத்துக்குமுன் ஒரு ஞாயிறு, கழிமுகத்துக் கண்டலை விறகுக்கு வெட்டுவது சிருஷ்டிக்கு விரோதமான பாவமென்று நான் சூடாகப் பிரசங்கம் செய்தேன். முன் வரிசையில் ஒரு அம்மாள் இருந்தார். கைம்பெண், இரண்டு பிள்ளைகள். பூசைக்குப்பின் வந்து, "சாமி, சிலிண்டர் என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தெரியாது. பங்கு வீட்டில் சமையற்காரர் வாங்குகிறார். அதே கழிமுகத்தில் இறால் பண்ணைக்காக ஒருவர் வாய்க்காலின் வாயை அடைத்துக் கரை போட்டிருந்ததும், அதற்கு உள்பக்கம் மரங்கள் பட்டுப்போனதும் எனக்குத் தெரியும். அதைப்பற்றி அந்தப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவர் கோயில் திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். அந்த அம்மாள் அதன்பின் நம் கோயிலில் முன் வரிசையில் உட்காரவில்லை, நெடுநாள் வரவுமில்லை.

ஆகவே பெரியவருக்கு என் விடை இது. ஐயா, காற்றைக் கெடுத்த கடன் உம்முடையதல்ல. நீர் மரம் நடுவது அந்தக் கடனைத் தீர்ப்பதற்காக அல்ல. நட்டதனால் அந்தக் கடன் தீர்ந்ததாகவும் ஆகாது. மண்வெட்டியைக் கையில் எடுத்தவன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனல்லன். கேட்கவேண்டியதைக் கேட்கும் உரிமை, நட்ட பிறகும் உமக்கு அப்படியே இருக்கிறது. எங்கள் குழுவின் பெயராலேயே அதைக் கேட்போம். பின் ஏன் நடவேண்டும் என்றால், தீ வைத்தவன் வந்து அணைக்கட்டும் என்று காத்திருக்க உம் பேரப்பிள்ளைகளின் குடிசைக்கு நேரமில்லை. பக்கத்துக் குடிசை எந்த வேதத்தாருடையது என்று கடல் கேட்பதுமில்லை. அது நீதியினால் வரும் கடமையல்ல, நேசத்தினால் வரும் கடமை. நேசத்தின் கடமை சிறியதென்று நான் குருமடத்தில் எங்கும் படிக்கவில்லை.

ஆனால் ஒன்று. நம்மைச் சேற்றில் இறங்கச் சொல்லுகிறவர் முதலில் தம் கணக்கைக் காட்டவேண்டும் என்ற உம் கேள்வியின் உட்பொருளை நான் ஏற்றுக்கொள்ளுகிறேன். உலக நாடுகளிடம் நம் குரல் என்றைக்கு எட்டுமோ தெரியாது. நம் ஊரிலாவது அதைத் தொடங்கலாம். ஆகவே குழுவின் முதல் வேலை நாற்று நடுவதல்ல. அடைபட்ட அந்த வாய்க்கால் வாயைத் திறப்பதே. பண்ணைக்காரரிடம் இதைப்பற்றி நான் புதன்கிழமை நேரில் போய்ப் பேசினேன். அவர் மகிழவில்லை. திருவிழாக் கணக்கில் இவ்வருஷம் ஒரு குறைவு விழலாம். பங்குக் குழுவினர் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதற்கூட்டம் வரும் வியாழன் மாலை 6 மணிக்கு நம் பள்ளிக்கூடத்தில். பஞ்சாயத்துத் தலைவரும், வனத்துறை அதிகாரியும், பள்ளிவாசல் பெரியவர்களும், மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்புக்கு விறகில்லாத வீடுகளுக்கு என்ன வழி என்பது இரண்டாவது விஷயமாகப் பேசப்படும். அந்த அம்மாளின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திண்ணையில் தண்ணீர் கொடுத்தார், வருவதாகச் சொல்லவில்லை.