ஒப்பாரியில் மட்டும்தானா உண்மை?

பெண்கள் பாடலாமா என்று இந்நாளில் கேட்பார் எவருமில்லை. கோயில் திருவிழாவில் பாடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் பாடுகிறார்கள். வானொலியிலும் மேடையிலும் பாடுகிறார்கள். நாமும் கைதட்டுகிறோம், குயில் என்றும் கிளி என்றும் பட்டம் சூட்டுகிறோம். கிளி என்ற அந்தப் பட்டத்தின் பொருளை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? கிளியாவது பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பறவை. நம் வீட்டுப் பெண், பிறர் சொன்னதை விட்டுத் தான் கண்டதைச் சொல்லத் தொடங்குவாளாயின், அப்பொழுதும் நாம் கைதட்டுவோமா? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே.

இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. காஜாங்கில் நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்திலிருந்து எழுந்தது. காஜாங் என்றவுடன் பலருக்கு நினைவில் வருவது சாத்தே. தமிழருக்கோ அது ரப்பர் ஊர். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் நட்ட தோட்டங்களுள் ஒன்றாகிய இஞ்ச் கென்னத் தோட்டம், 1890களில் இவ்வூரை ஒட்டியே உருவாயிற்று. பால்மரங்கள் நின்ற மேடுகள் பலவற்றில் இப்பொழுது தாமான் வீடுகள் நிற்கின்றன. 2017 முதல் கோலாலம்பூரிலிருந்து எம்.ஆர்.டி. இரயிலும் வந்து போகிறது. ஆயினும் அவ்வீடுகளில் வாழும் தமிழரிடம் பாட்டியைப் பற்றிக் கேட்டால், கூடவே ஒரு தோட்டத்தின் பெயரையும் சொல்லுவார்கள்.

அத்தகைய வீடொன்றில் 19 வயதுப் பெண் ஒருத்தி, தானே சொல் கட்டித் தானே மெட்டமைத்து ஒரு பாட்டுப் பாடினாள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன தன் பாட்டியின் கதை அது. சம்பள நாளில் தாத்தாவின் கூலி கள்ளுக்கடைக்குப் போனதும், அன்றிரவு பாட்டியின் முதுகு வீங்கியதும் அதில் இருந்தன. கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தாள். உலகறிய வெளியிடுமுன் குடும்பத்தாரைக் கூட்டி வைத்துப் பாடிக் காட்டினாள். அழைப்பின் பேரில் நாமும் அங்கிருந்தோம்.

பாட்டு முடிந்ததும் அவளுடைய பெரியப்பா சொன்னார்: “கோயிலில் பாடம்மா, கல்யாணத்தில் பாடம்மா, யார் வேண்டாமென்றார்கள்? செத்துப்போன மனிதரைச் சந்தியில் நிறுத்தலாமா? நம் வீட்டுக் குப்பையை நாமே தெருவில் கொட்டினால், தமிழன் குடிகாரன் என்று ஏற்கெனவே ஏசுகிறவனுக்கு வாயில் சர்க்கரை போட்டதாகாதா?”

பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “பெரியப்பா, பாட்டி இறந்த அன்று அத்தை மாரடித்துச் சொன்னதும் இதுதானே? ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு நீங்கள் ஏன் தடுக்கவில்லை?”

பெரியவரிடம் விடையில்லை. நம்மிடமும் அப்பொழுது விடையில்லை என்பதை மறைப்பானேன்?

நேயர்களே, அவள் கேட்டதை எண்ணிப் பாருங்கள். நம் மூதாட்டியர் ஊமைகளாக வாழ்ந்தவர்கள் அல்லர். தாலாட்டும் கும்மியும் நடவுப் பாட்டும் அவர்கள் வாயில் பிறந்தவை. அவற்றுள்ளும் ஒப்பாரி தனிச் சிறப்புடையது. எவரும் எழுதிக் கொடுக்காமல், அந்த நேரத்தில் நெஞ்சில் எழுவதை அவள் சொல்லாக்குகிறாள். சீர் செய்யாத அண்ணனை ஏசுவாள். அடித்த புருஷனைச் சொல்லிக் காட்டுவாள். பாகம் தராத பங்காளியைச் சுட்டுவாள். கூடியிருக்கும் ஆண்கள் தலைகுனிந்து கேட்பார்களே அன்றி, ஒருவரும் வாயை மூடு என்று சொல்வதில்லை. ஆகவே, பெண் பகிரங்கமாக உண்மை பேசுவது நம் வழக்கத்துக்குப் புறம்பானது என்று எவரும் சொல்ல முடியாது. அந்த உண்மைக்கு நாம் விதித்த நிபந்தனை ஒன்றுண்டு: முதலில் ஒரு பிணம் விழ வேண்டும். பாதிக்கப்பட்டவள் உயிரோடிருக்கும்போது மானம் போய்விடும் என்கிறோம். அவள் பாடையில் கிடக்கும்போது மானம் எங்கும் போவதில்லை. யாருக்கும் பயன்படாத வேளையில் மட்டும் உண்மையை அனுமதிக்கும் இந்த ஏற்பாட்டை நாம் ஒழுக்கம் என்று அழைத்து வருகிறோம்.

பெரியப்பாவின் ஆட்சேபணைகளை அலட்சியம் செய்வது நம் நோக்கமன்று. அவர் கெட்டவரல்லர், தகப்பனிடம் அன்புள்ள மகன். அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வீட்டு மானம். இந்த ஆட்சேபணையை அளந்து பார்க்க ஒரு வரலாறு நமக்குண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசி குலத்தில் வளர்க்கப்பட்டவர். ஆடலும் பாடலும் கற்பிக்கப்பட்டவர். அவருடைய குரலும் கலையும் பிறர் இன்பத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அவர் 1936இல் “தாசிகள் மோசவலை” என்ற நாவலை வெளியிட்டார். தான் வளர்ந்த வீடுகளின் உட்புறத்தை அதில் திறந்து காட்டினார். குல மானத்தைக் கருதி அவர் வாய்மூடி இருந்திருப்பாராயின், யாருடைய மானம் காப்பாற்றப்பட்டிருக்கும்? அடுத்துப் பொட்டுக் கட்டப்படவிருந்த சிறுமியின் மானமன்று. அவளை வைத்துப் பிழைத்தவர்களின் மானமே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தொடங்கிய முயற்சி 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக நிறைவேறிற்று. அச்சட்டத்துக்குப் பின்னால், உள்ளிருந்து உண்மை சொன்ன பெண்களின் துணிவும் நின்றது. மானம் என்ற சொல் வந்தவுடன், அது யாருடைய மானம் என்று கேட்பது நம் கடமை.

இரண்டாவது, பிறர் ஏளனம். இதில் நியாயம் இருக்கிறது. தோட்டத் தமிழனைக் குடியனென்றும் சோம்பேறியென்றும் ஏசியவர்கள் வெளியே இருந்தார்கள். இன்றும் இல்லாமற் போகவில்லை. ஆனால் மௌனத்தால் அந்த ஏச்சு குறைந்ததா? குறையவில்லை. நம்மைப் பற்றி நாம் பேசாத இடத்தில் பிறர் பேசினார்கள், அவ்வளவே. நம் குறையை நம் பெண்ணே நம் மொழியில் சொல்லும்போது அதில் கண்ணீர் இருக்கும், காரணமும் இருக்கும். பிறன் சொல்லும்போது இரண்டும் இரா.

மூன்றாவதே கடினமானது. இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. தாத்தாவுக்கும் ஒரு கதை இருந்திருக்கும். அதை யார் பாடுவது? இதற்கு நம் விடை, பாட்டை நிறுத்துவது அன்று. பாட்டை இன்னும் அகலமாக்குவது. தோட்டத்துக் கள்ளுக்கடை தானாக முளைத்ததா? நிர்வாகம் அரசாங்கத்தின் அனுமதியோடு அதை நடத்தியது. காலையில் கொடுத்த கூலி மாலையில் அதே தோட்டத்துக்குள் திரும்பிச் சேர்ந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தமிழ் நேசன் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அவர்களுடைய தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். அவர்களுடைய கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்திற்று. துருப்புகளின் துப்பாக்கிக்குத் தொழிலாளர் பலியாயினர்.

அக்கோரிக்கைப் பட்டியலை இன்று படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. கூடவே ஒரு குறையும் தோன்றுகிறது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கு அதில் ஒரு வரியாக இருக்கிறது. தீங்குற்றவளின் சொல்லாக நம் கைக்கு வந்து சேரவில்லை. நாதனின் பெயரை அறிகிறோம். அந்தத் தோட்டங்களில் அதே வெயிலில் ஆணைவிடக் குறைந்த கூலிக்குப் பால் வெட்டிய பெண்களின் பெயர்களை அறியோம். அவர்களிடம் குரல் இருந்தது, பத்திரிகை இல்லை. பேசுவதற்கு வாய் இருப்பது ஒன்று. பேசியதைக் காத்து வைக்கவும் பரப்பவும் சாதனம் இருப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது காற்றோடு போகும்.

இதை முன்பே உணர்ந்த பெண்மணிகள் நம்மிடையே இருந்தார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் கண்டறியாதவர். தம் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழியார் பட்டம்மாள் எழுதினார். அவ்வாறு தொடங்கியவர் 1925இல் “ஜகன்மோகினி” பத்திரிகையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் நடத்தினார்; நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். பிறர் பத்திரிகையின் வாசலில் காத்து நிற்பதைவிடத் தமக்கென ஒன்று வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். இலங்கையில் மீனாட்சியம்மாள், தம் கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடினார். தோட்டத் தொழிலாளியின் துயரே அப்பாட்டுக்களின் பொருள். அவற்றை 1940இல் அச்சிட்டும் பரப்பினார். “தேசபக்தன்” பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. கூட்டத்தில் பாடிய பாட்டு கூட்டத்தோடு கலைந்து போகாமல், கையடக்கத் தாளாக லயங்களுக்குள் நுழைந்ததன் அருமையைத் தோட்டத்தார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் காலத்திலும் ஒன்று பார்த்தோம். 2021இல் வெளிவந்த “என்ஜாயி எஞ்சாமி” என்னும் பாட்டு உலகெங்கும் கேட்கப்பட்டது. அதை எழுதி, தீ என்னும் பாடகியுடன் சேர்ந்து பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவருடைய கதையும் ஒப்பாரி மரபும் அப்பாட்டின் ஊற்று. வடசென்னையில் சாவு வீட்டோடு ஒட்டியிருந்த கானாவை ஆண்களே பாடி வந்தார்கள். 2018 முதல் இசைவாணி என்ற இளம்பெண் அதை மேடையேறிப் பாடுகிறார். இழவு வீட்டில் அடைபட்டிருந்த கலை, உயிருள்ளோர் மேடைக்கு வருவது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு இவை சான்று. ஒரு பாட்டியின் சொல் பேரன் வழியே உலகை எட்டியது நல்லதே. பேத்தி வழியே எட்டுவதற்குத்தான் காஜாங்கு வீட்டில் தடை கிளம்புகிறது.

இக்காலத்தில் அச்சகம் வேண்டியதில்லை; கைப்பேசி போதும் என்பார் உண்டு. கருவி மலிந்தது உண்மையே. கருவி மலிந்தவுடன் சுதந்திரம் வந்துவிடுமா? பதிவைத் தொடங்கும் பொத்தானை எவரும் அழுத்தலாம். அதை வெளியிடலாமா, எந்த வரியை வெட்டுவது என்பதை அண்ணனும் பெரியப்பாவும் விழாக் குழுவும் முடிவு செய்யும் வரையில், அந்தக் கைப்பேசியும் பழைய பத்திரிகையின் வாசலேயாகும். ஆதலால் இளம் பெண்கள் தாமே ஆசிரியராகவும் தாமே பதிப்பாளராகவும் இருக்கும் சிறு ஏடுகளும், ஒலிபரப்புகளும், பாட்டு மன்றங்களும் நமக்கு வேண்டும். காஜாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களில் ஒன்றை மாதம் ஒருநாள் அவர்கள் கையில் கொடுத்தால், பெரிய செலவில்லை. நாம் வரிசையில் அமர்ந்து கேட்கலாம். நிகழ்ச்சி நிரலை நாம் எழுத வேண்டாம்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிறர் குற்றத்தைப் பாடும் உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது. கண்டதையும் கேட்டு உறுதி செய்ததையுமே சொல்லுங்கள். சிறு குழந்தைகளின் பெயரை இழுக்காதீர்கள். அடித்தவனைச் சொல்லும்போது அவன் கையில் கள்ளைக் கொடுத்தவனையும் சொல்லுங்கள். பழிவாங்கும் பாட்டு ஒரு நாள் கேட்கப்படும். முழு உண்மை சொல்லும் பாட்டுக்கு எதிராளியும் ஒருநாள் காது கொடுப்பான்.

இத்தனையும் சொன்ன பிறகும், அந்தப் பாட்டு வெளிவருமானால் பெரியப்பாவின் மனம் நோகும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நோவு மெய்யானது. ஆனால் அதைத் தவிர்ப்பதற்காகப் பாட்டி தன் நோவை ஆயுள் முழுவதும் சுமந்தாள். அதன் பெயர் குடும்ப அமைதி என்றிருந்தது. அந்தச் சுமையைப் பேத்தியின் தலையிலும் ஏற்றி வைப்பது நீதியாகாது.

பாட்டு இன்னும் அவள் கைப்பேசியில்தான் இருக்கிறது. வெளியிடுவதா, வைத்திருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நாம் கேட்டுக்கொள்வதெல்லாம், வீட்டுப் பெரியவர்கள் இன்னொரு முறை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பாட்டை முழுவதும் கேட்க வேண்டும் என்பதே. அடுத்த ஒப்பாரி வரைக்கும் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.