பிணியாளர் தொண்டே பகவன் தொண்டு



தாயும் தந்தையும் திடமாய் நடமாடும் காலத்தில் அவர்களைப் போற்றுவது எளிது. விழா நாளில் புத்தாடை அளித்து, நாலுபேர் முன்னிலையில் காலைத் தொட்டு வணங்கிவிடலாம். ஒருநாள் விடியற்காலையில் தந்தையார் மார்பைப் பற்றிக்கொண்டு வியர்த்துச் சாய்கிறார். அண்டை வீட்டார் ஓடி வருகின்றனர். மருத்துவமனையில் சேர்க்கிறோம். இரண்டு நாட்கள் கழித்து, “உயிருக்கு ஆபத்தில்லை, இனிக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வைத்தியர் கூறுகிறார். அந்தச் சொல்லுக்குப் பின் வருகின்ற நாட்களிலேதான் நமது அன்பும் நமது தம்மமும் எத்தன்மையன என்பது விளங்கும். அந்நாட்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாம் பஞ்சாலையில் இயந்திர ஓசைக்கும் பஞ்சுத் தூசுக்கும் இடையே பாதி ஆயுளைக் கழித்தோம். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆயினும் தம்மப் பணியின் பொருட்டுப் பெங்களூர் மருத்துவமனைகளுக்கு அடிக்கடி செல்கிறோம். ஜயதேவா இதய மருத்துவமனையின் வெளித்தாழ்வாரத்தில், கோலார் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து வந்த நம் மக்களைக் காண்கிறோம். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின், நாள்தோறும் இரயிலேறி இந்நகருக்கு வந்து உழைக்கின்ற பிள்ளைகள், இன்று தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஐயா, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

இக்கேள்விக்குப் பகவன் புத்தர் தம் செய்கையாலேயே விடையளித்தார். விநய பிடகத்தின் மகாவக்கத்தில் அவ்வரலாறு இருக்கின்றது. ஒருநாள் பகவன், ஆனந்தர் பின்தொடர, பிக்குகள் தங்கும் இடங்களைப் பார்வையிட்டுச் சென்றார். அங்கே வயிற்றுப்போக்கினால் நலிந்த பிக்கு ஒருவர் தம் மலத்திலும் மூத்திரத்திலும் புரண்டு கிடந்தார். ஏன் ஒருவரும் உம்மைக் கவனிக்கவில்லை என்று வினவியபோது, தம்மால் மற்றவர்களுக்கு யாதொரு பயனும் இல்லாமையால் அவர்கள் கவனிப்பதில்லை என்றார் அப்பிக்கு. பகவன் அவருக்கு உபதேசம் செய்யத் தொடங்கவில்லை. ஆனந்தரை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். பகவன் நீரை ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவன் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி அவரைப் படுக்கையிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, எமக்குத் தொண்டு செய்ய விரும்புகிறவர் பிணியாளருக்குத் தொண்டு செய்வாராக என்னும் கருத்தைப் போதித்தார்.

சகோதரர்களே! இதிலே நமக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. அழுக்கு அகற்றுவதை நம் முன்னோரின் பிறவிக் கடமை என்று சுமத்தி, அதைச் செய்தவரையே தீண்டத்தகாதவர் என்று தள்ளி வைத்தது பழைய சமுதாயம். சாக்கிய குலத்திற் பிறந்த ததாகதரோ தம் கைகளாலேயே ஒரு நோயாளியின் அழுக்கைப் போக்கினார். ஆகவே தந்தையின் மூத்திரக் கலத்தை எடுப்பதனால் மகன் தாழ்ந்துவிடுவதில்லை. “அது பெண்களின் வேலை” என்று சொல்லி மருமகளையோ தங்கையையோ ஏவிவிட்டுத் தாழ்வாரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் ஆண்மகன், பஞ்சசீலத்தை எத்தனைமுறை ஓதினும் இந்தப் பாடத்தைப் படித்தவனாகான். மருத்துவமனையில் தரை துடைக்கும் சகோதரியையும் “ஏய்” என்று விளிக்காதீர்கள். அவளும் பிணியாளர் தொண்டு செய்கிறாள்.

நல்ல பணிவிடையாளனுக்குரிய ஐந்து தகுதிகளையும் பகவன் வகுத்துக் கூறினார். மருந்தைச் சரிவர அளிக்கும் திறம் முதலாவது. நோயாளிக்கு ஏற்றது இன்னது, ஏலாதது இன்னது என்றறிந்து, ஏற்றதைக் கொணர்ந்து ஏலாததை நீக்குவது இரண்டாவது. ஆதாயம் கருதாமல் மைத்திரியோடு தொண்டு செய்வது மூன்றாவது. மலம், மூத்திரம், எச்சில், வாந்தி ஆகியவற்றை எடுக்க அருவருப்புக் கொள்ளாமை நான்காவது. அவ்வப்போது தம்மமொழி கூறி நோயாளியின் மனத்தைத் தேற்றுவது ஐந்தாவது. நான்காவதைப் பற்றி மேலே கூறிவிட்டோம், ஏனையவற்றைப் பார்ப்போம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதே மாரடைப்பு. வைத்தியர்கள் அவ்வடைப்பை நீக்கி, சிறிய வலைக்குழாயாகிய ஸ்டென்டை உள்ளே வைக்கின்றனர். அதன் பின் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தருகின்றனர். வீடு திரும்பியதும், “நன்றாய்த்தானே இருக்கிறேன், இனி மாத்திரை எதற்கு?” என்று பெரியவர் நிறுத்திவிடுவார். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால் ஸ்டென்ட் மீண்டும் அடைபடக்கூடும். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மறுபடி மார்பு வலியோ, மூச்சுத் திணறலோ, காரணமில்லாத வியர்வையோ கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். முதியோருக்கும், பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் மார்பு வலியே இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு. மருந்து அளிக்கும் திறம் என்பது இக்காலத்தில் இதுவேயாகும்.

ஏலாததை நீக்குவது மனவலிமை வேண்டும் காரியம். அன்புமிக்க அத்தை கருவாட்டுக் குழம்பு கொண்டு வருவாள். மாமன் ஊறுகாய் கொண்டு வருவான். பழைய தோழன் பீடிக் கட்டைத் தலையணையின்கீழ் வைத்துவிட்டுப் போவான். மூவரையும் வணங்குங்கள், மூன்றையும் திருப்பி அனுப்புங்கள். பத்துப்பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்று, யார் யார் இவ்வாறு இறந்தனர் என்று கதை பேசுவதையும் அனுமதிக்காதீர்கள்.

ஆதாயம் கருதாத மைத்திரியைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டியதில்லை. கட்டிலருகே வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இல்லாதிருப்பாராக.

இனி நம் நெஞ்சை மிகவும் வருத்துகின்ற செய்திக்கு வருகிறோம். நோயாளியைக் காண வருகிற உறவினர் சிலர், “குலதெய்வத்தை விட்டீர்கள், படங்களை எடுத்துவிட்டீர்கள், அதனால்தான் இந்த அடி” என்று காதில் ஓதிவிட்டுப் போகின்றனர். நம்மவர்களுள்ளும் சிலர், “எல்லாம் முற்பிறவிக் கன்மம்” என்று கூறிப் பெருமூச்சு விடுகின்றனர். இவ்விரண்டு பேச்சும் படுத்திருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. பகவன் இதை ஏற்றாரா? சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகர் என்னும் பரிவிராசகர் இதே கேள்வியைக் கேட்டார்: மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையாலே வருவனவா? அதற்குப் பகவன், பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, சிலேட்டுமத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, இம்மூன்றும் கூடியதால் உண்டு, பருவ மாற்றத்தால் உண்டு, முறைதவறிய நடையால் உண்டு, வெளியிலிருந்து நேரும் தாக்குதலால் உண்டு, வினைப்பயனாலும் உண்டு என்று எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். யாவும் முன்வினையே என்பவர், தாமே அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார் என்றும் தெளிவுபடுத்தினார்.

பீடிப் புகை, மிகுந்த உப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், ஓய்வற்ற உழைப்பு, ஓயாத கவலை என்று காரணங்களை இன்றைய வைத்தியம் காட்டுகின்றது. காரணத்தை அறிவது இனி நடக்கவேண்டிய வழியைத் திருத்துவதற்கேயாம். “அன்றே சொன்னேனே, கேட்டீர்களா?” என்று கட்டிலருகே நின்று கடிவதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது.

மற்றொன்றும் கூற வேண்டும். பிள்ளைகள் திரிசரணம் ஏற்றதால் தானும் ஏற்ற முதிய தாய், நோயின் அச்சத்தில், “மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொள்ளடா” என்று மகனிடம் கெஞ்சுகிறாள். மகன் திகைக்கிறான். இத்தகைய மகன்மார் பலர் நம்மிடம் வந்து, “அம்மாவிடம் மறுத்துப் பேசவா, ஒப்புக்கொள்ளவா?” என்று கேட்டிருக்கின்றனர். நாம் கூறுவது இதுவே. மருத்துவமனைக் கட்டில் வாதமேடை அன்று. அறுபது ஆண்டு வழக்கத்தை ஓர் இரவில் வென்று காட்டவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நம்பாததை நம்புவதாகப் பொய் கூறவும் வேண்டா. அது நான்காம் சீலத்தைப் பழுதாக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீ அஞ்சாதே, நான் இங்கேயே இருக்கிறேன், வைத்தியர் நல்லபடியாய்ச் சொல்லியிருக்கிறார்” என்று சொல்லுங்கள். அவள் கேட்டது அபயம். அபயத்தை நீங்கள் தரலாம். தெய்வத்தைப் பற்றிய விசாரணை அவள் எழுந்து நடமாடும் நாள்வரை காத்திருக்கட்டும்.

இதுவே ஐந்தாவது தகுதி. மனத்தைத் தேற்றுவது எப்படி என்பதற்கு அங்குத்தர நிகாயத்தில் நகுலமாதா என்னும் இல்லறத்தாள் வழிகாட்டுகிறாள். கணவர் நகுலபிதா கடும் நோயுற்றுக் கிடந்தபோது, கவலையோடு உயிர் துறக்காதீர் என்று அவள் கூறினாள். வெறும் ஆறுதலாய்க் கூறாமல், அவர் மனத்திலிருந்த கவலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து விடையளித்தாள். பிள்ளைகளை யார் காப்பார் என்று எண்ணுகிறீரோ? எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி மயிர் கோதத் தெரியும். நான் காப்பேன் என்றாள். வேறு இல்லம் புகமாட்டேன், சீலத்தில் வழுவமாட்டேன், தம்மத்தில் ஐயுறமாட்டேன் என்றும் உறுதி கூறினாள். கவலை நீங்கிய நகுலபிதா பிணி நீங்கி எழுந்து, கோலூன்றிப் பகவனைக் காணச் சென்றார். இத்தகைய துணை கிடைத்தது உமது பேறு என்று பகவன் அவரை வாழ்த்தினார். நூல் நூற்றுப் பிழைத்த நாம் இவ்விடத்தைப் படிக்குந்தோறும் அத்தாயை வணங்குகிறோம்.

உங்கள் தந்தையும் விட்டத்தைப் பார்த்தவாறு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது பலருக்கும் இயல்பு. அவரருகில் அமர்ந்து, என்ன கவலை என்று கேளுங்கள். செலவா? 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவ உதவி உண்டு. குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும் காட்டி விசாரித்துவிட்டு வந்து, “அப்பா, இதற்கு வழி இருக்கிறது” என்று சொல்லுங்கள். தங்கையின் திருமணமா? வட்டிக் கடனா? அண்ணன் தம்பிகள் கூடி யார் எதை ஏற்பது என்று முடிவு செய்து, அம்முடிவை அவர் முன்னிலையில் கூறுங்கள். “கவலைப்படாதீர்கள்” என்னும் வெறுஞ்சொல்லால் கவலை போவதில்லை. அதன் காரணத்தை ஏற்க ஒருவர் முன்வந்தால் போகும்.

உபாசகர்களே, உபாசிகைகளே! பிக்குகளுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஒருவரையொருவர் கவனியாவிடில் வேறு யார் கவனிப்பர் என்று பகவன் அன்று கேட்டார். தாயும் தந்தையும் உள்ள நாமோ, அவர்கள் நம்மை ஏந்திய கைகள் தளர்ந்துபோன வேளையில் ஏந்திக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். ஒரே பிள்ளை உள்ள வீடுகளும், பிள்ளைகளே இல்லாத முதியோரும் நம்மிடையே உண்டு. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், இரவில் மருத்துவமனையில் துணையிருக்க இயன்றவர்கள் தங்கள் பெயரைக் கொடுங்கள். நம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிணியுற்றோர் பிணி நீங்குக! அஞ்சினோர் அச்சம் நீங்குக!