துணி காயும் வரை

பிப்ரவரி 28, விடியுமுன்

மாரிகுப்பம் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, போட்ட பாதை. இங்கிருந்து மேற்கொண்டு போக ஒரு காலத்தில் ஒரே வழிதான் இருந்தது: கீழே.

இன்று வடக்கே போகிறோம். ஹார்ஸ்லி மலைக்கு. இரண்டு வண்டி, நான்கு பேர். என்னுடையது பிரீமியர் பத்மினி. நண்பனுடையது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் வண்டலூர் பக்கம் அறுபதுகளில் செய்தது. 2001இல் இதே தேதியில்தான் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். வீட்டில் இருந்தால் பேச்சு அங்கேயே போய் நிற்கிறது என்பதால், சில வருடமாக இந்த நாளில் எங்காவது கிளம்பிவிடுகிறோம்.

சோக்கை இழுத்து எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, பெங்களூர் ரயிலுக்கு டிபன் பையோடு போகிறவர்களில் ஒருவர் நின்றார்.

"எங்கண்ணே, கல்யாணமா?"

"மலைக்கு."

"இதுலயா?"

சிரிக்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

*

ஊரைத் தாண்டும்வரை சைனைடு மேடுகள் கூடவே வந்தன. சின்ன வயதில் எங்களுக்கு மலை என்றால் அவைதான். கீழேயிருந்து கல்லை எடுத்து, இடித்து மாவாக்கி, சைனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டியது. 3 கோடி டன்னுக்கு மேல் என்கிறார்கள். ஆடிக்காற்றில் அந்த மலை எங்கள் சோற்றில் விழும். அப்பா தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுவார். தான் கீழே வெட்டியது இப்படித் தேடி வருகிறதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் இப்போது தோன்றுகிறது.

*

பேத்தமங்கலா ஏரி. பாலாற்றை இங்கே நிறுத்தித்தான் எங்கள் ஊருக்குக் குடிநீர் வந்தது. இரண்டு கேன் நிறைத்துக்கொண்டோம். எங்களுக்கல்ல, ரேடியேட்டருக்கு.

முள்பாகலில் தோசை. மூடல பாகிலு, கிழக்கு வாசல். பழைய மைசூர் நாட்டின் கிழக்கு வாசல் என்பதால் வந்த பெயர். தோசையைப் பற்றி எழுதப்போனால் இந்தக் குறிப்பு முடியாது.

புங்கனூரில் ஒரு வீட்டு வாசலில் அந்த ஊர்ப் பசு கட்டியிருந்தது. மூன்றடி உயரம்கூட இல்லை. ஹெரால்டின் பானெட் உயரம்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. வீட்டுக்காரம்மா தெலுங்கில் சொன்னார்: சின்னதுதான், கொஞ்சமாகத்தான் தின்னும், பால் மட்டும் கெட்டியாக இருக்கும். நண்பன் தன் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

*

மதனப்பள்ளி. தக்காளி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தோம். 1919 பிப்ரவரியில் தாகூர் இங்கே பெசன்ட் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் ஜன கண மனவை ஆங்கிலத்தில் எழுதினார். மெட்டுக்கு மார்கரெட் கசின்ஸ் சுரக்குறிப்பு எழுதிவைத்தார். கல்லூரி வாசலில் நிறுத்த இடமில்லை. ஓட்டிக்கொண்டே பார்த்தேன், அவ்வளவுதான்.

*

மலைப்பாதை

பத்மினிக்கும் ஹெரால்டுக்கும் ஒரே குறை: முதல் கியர் ஓட்டத்தில் சுலபமாக விழாது. வளைவில் இரண்டாம் கியர் இழுக்க முடியாமல் திணறும்போது, கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு முடுக்கு, மறுபடி மிதித்து முதல் கியர். எல்லாம் ஒரு மூச்சுக்குள். தவறினால் பற்சக்கரம் கத்தும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர்த்தண்டு வழியே அந்தக் கத்தல் முழங்கை வரை ஏறும். நான் இரண்டு முறை தவறினேன். ஹெரால்டுக்கு ஒரு வசதி. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் அது முன்னே போய் நின்று எங்களுக்காகக் காத்திருந்தது.

என் பக்கத்தில் அண்ணன். சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஏறத் தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. தலையைச் சற்றுச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது டாப்பெட் பேசுது."

"நிறுத்தவா, அண்ணே?"

"பேசட்டும்பா. பேசாம இருந்தாத்தான் பயம்."

அடுத்த வளைவில் டாப்பெட் அல்ல, எஞ்சினே பேச்சை நிறுத்திவிட்டது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கார்பரேட்டருக்கு ஒரு சொட்டு ஏறாது. அண்ணன் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்து, பேத்தமங்கலா தண்ணீரில் நனைத்து, பிழியாமல் பம்பின் மேல் சுற்றினார். சுருக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி. பிறகு ஓரக்கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம்?"

"துணி காயிற வரைக்கும்."

நான்கு பேரும் உட்கார்ந்தோம். யாரும் செல்போனை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. காற்று யூகலிப்டஸ் இலைகளில் ஏறி இறங்கியது. பானெட்டுக்கு அடியில் இரும்பு ஆறும் சத்தம், டிக் டிக் என்று முதலில் நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு.

அப்பா கடப்பாரையால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம். "மணி மாதிரி கேட்டா நிக்கலாம். பானை மாதிரி கேட்டா நிக்காதே." வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. புதுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, தர்பூசணி, எதுவானாலும் விரல் முட்டியால் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்திருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபோது நினைவு வந்தது.

*

உச்சியில், இரவு

மலைக்குப் பழைய பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. தனியே கிடந்த மல்லம்மா என்ற குழந்தையை யானைகள் வளர்த்தன என்பது கதை. பிறகு கடப்பா கலெக்டர் ஹார்ஸ்லி வந்து வெயிலுக்குப் பயந்து வீடு கட்டினார், பெயரும் அவருடையதாகிவிட்டது. எனக்கு யானையின் பெயரே பிடித்திருக்கிறது.

நண்பன் கணக்குப் போட்டான். இந்த மலை 4,000 அடிக்குக் கொஞ்சம் மேல். நம் ஊரே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 2,800 அடி. ஆகக்கூடி நாள் முழுக்க ஓட்டி ஊரைவிட நாம் ஏறியது 1,500 அடிகூட இல்லை. நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர வைத்த காற்றை மேலிருந்து இறக்கித்தான் ஆட்களை நிற்க வைத்தார்கள்.

"அவங்களுக்கு ஈரத்துணி யாருடா போட்டது?" என்றான்.

யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணன் பீடியை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். கீழே மதனப்பள்ளி விளக்குகள். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது எங்கள் ஊரும் தூரத்துக்கு இப்படித் தெரிந்திருக்கும். பெங்களூருக்கே அப்போது மின்விளக்கு இல்லை.

*

மார்ச் 1

இறக்கம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்கினோம். எஞ்சின் முனகியபடி வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. டாப்பெட் பேசிக்கொண்டே வந்தது.

மாரிகுப்பம் வந்தபோது பொழுது சாய்ந்து, சைனைடு மேட்டில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. பானெட்டைத் திறந்தேன். துண்டு பம்பின் வடிவத்திலேயே விறைத்துப் போயிருந்தது. அண்ணன் அதை எடுத்து இரண்டு உதறு உதறி, முகர்ந்து பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது பத்மினியின் கூரையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒரு கணம் நின்று, நடந்தார்.